ரயில்வே கண்ணாடி

பர்னோவில் நாலாம் நம்பர் டிராம் ஓட்டுகிறேன்.
அதிகாலை ஷிஃப்ட் முடிந்தால்
மீதிப் பகல் ஷெட்டில்.

அங்கே நிற்கிறது நாற்பத்தேழாம் வருஷத்து ஜாவா.
ஒற்றை சிலிண்டர், அதற்கு இரண்டு புகைக்குழல்.
டிஷ்னோவ் பக்கம் ஒரு கோழிக் கொட்டகையிலிருந்து
இறகும் எச்சமுமாக வந்து சேர்ந்தது.

பொருந்துவது வேறு, சரியானது வேறு.
இதை ராடிமுக்குச் சொல்லிச் சொல்லி
ஒன்பது வருஷத்தில்
வண்டி சேர்ந்தது, நாங்கள் பிரிந்தோம்.
சண்டை ஒன்றுமில்லை.
போகும்போது டார்க் ரெஞ்சை எனக்கே விட்டுப் போனான்.

கார்புரேட்டர் கிடைத்தது ஒரு பல் டாக்டரிடம்.
டேங்க் மூடி லின்ஸ் நகரத்தில்,
ஒருவர் மேஜையில் சாம்பல் கிண்ணமாக.
மூடி கைக்கு வரும்வரை
அவரோடு மூன்று மணிநேரம் சிகரெட் புகைத்தேன்.
எனக்குப் பழக்கமில்லை.
போல்ட்டுகளின் தலையில்கூட முத்திரை பார்த்தேன்
பூதக்கண்ணாடி வைத்து.

பின்விளக்கு மட்டும்
வந்தபோதே அசிங்கம்.
தகரத்தை வெட்டி மடித்து
ஈயம் வழிய வழியப் பற்றவைத்தது,
சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு காற்றுக் குமிழி.
எவனோ குடியானவன் கைவேலை என்று
விஷ்கோவ் சந்தையில் போஹுஷிடம் தள்ளிவிட்டேன்.
பதிலுக்கு ஒரு பாட்டில் தேன்.
நல்ல தேன், பொய் சொல்லக்கூடாது.

பிறகு முத்திரையோடு, சரியான ஆண்டோடு
மூவாயிரத்து எண்ணூறு கொருனாவுக்கு
சரியான விளக்கு வாங்கி மாட்டி
ஒரு வாரம் அதன் பின்னாலேயே நின்றேன்.

போன ஜனவரி.
கண்காட்சிக்கு வண்டியின் வரலாறு ஒரு பக்கம் கேட்டார்கள்.
ஆவணக் காப்பகத்தில்
பழைய விற்பனையாளரின் விநியோகப் பேரேடு.
சேஸிஸ் எண், என்னுடையதேதான்.
நிறம், வாங்கியவர், தேதி.
ஓரத்தில் ஊதாப் பென்சிலில்:
'பின்விளக்கு ஆலையிலிருந்து வரவில்லை.
கடையில் செய்து மாட்டப்பட்டது.
கண்ணாடி ரயில்வேயிடமிருந்து.'

போர் முடிந்து இரண்டு வருஷம்.
எதுவும் எங்கும் கிடைக்காத காலம்.
பிறவி மச்சத்தை
அழுக்கென்று தேய்த்து எடுத்திருக்கிறேன்.

காப்பகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்
உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஏப்ரல் வரை சந்தை இல்லை.
ஏப்ரலில் மழை.
போஹுஷின் டிரெய்லர் பின்னால்
கம்பியால் கட்டி,
சேறு தெறித்த முகத்தோடு
எரிந்துகொண்டிருந்தது.

"இதையா? வேண்டாம்மா.
இது ஒரிஜினல் கிடையாது.
உங்களுக்கு இதை விற்றேன் என்று தெரிந்தால்
சந்தையில் என் பேர் கெட்டுப் போகும்."

பையிலிருந்து மற்றதை எடுத்து நீட்டினேன்.
முத்திரையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
வாயருகே வந்து மோந்துகூடப் பார்த்தான்.
நான் மனம் மாறுவதற்குள்
பிளையர் எடுத்து வந்தான்.

இப்போது ஒரு டிரெய்லர்
மொராவியா முழுக்க
மிகச் சரியான பின்விளக்கோடு
உருளைக்கிழங்கும் ஓட்டைக் கேஸ் சிலிண்டரும் சுமந்து போகிறது.

கண்காட்சி நடுவர் இளைஞர், சிரத்தையானவர்.
எழுதினார்: பின்விளக்கு தவறு, மூன்று மதிப்பெண் கழிவு.
பேரேட்டின் நகல் என் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை. ஏனென்று கேட்டால் தெரியாது.
கீழே கையெழுத்துப் போட்டேன்:
த்ராஹொமீரா, சேஸிஸ் எண், தேதி.

இரவு திரும்பும்போது
குரிம் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியதும்
பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.
விளக்கு அணைந்திருக்கிறது.
ஓரம் கட்டி இறங்கி
தகரத்தின் இடப்பக்கம் ஒரு தட்டு.
எரிந்தது.

அங்கே ஏற்கெனவே ஒரு சொட்டை இருந்தது,
கட்டைவிரல் அளவுக்கு,
எனக்கு முன்னால் தட்டியவர்களுடையது.